நூற்றுக்கு ஆறு பங்கு ஈரம்

உலகத்தில் ஈரமில்லாத பொருள் என்று ஒன்று கிடையாது. இதை நான் வேதாந்தமாகச் சொல்லவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷம் ஆவடியில் எட்டு மாதம் உட்கார்ந்து நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சோப்பில் ஈரம் இருக்கிறது, தீக்குச்சியில் இருக்கிறது, மூக்குப்பொடியில்கூட இருக்கிறது. வேலூரிலிருந்து அப்பா எழுதிய கடிதம் ஒன்றைச் சும்மா இருக்க மாட்டாமல் ஓவனில் வைத்து நிறுத்தேன். நூற்றுக்கு ஏழு பங்கு போயிற்று. புத்திமதி மட்டும் ஒரு வரிகூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பெயர் அருள்செல்வி. கெமிஸ்ட்ரி படித்தவள், முன்கோபக்காரி. பூவிருந்தவல்லியில் சித்தி வீட்டில் தங்கி, கரி கேஸில் ஓடும் பஸ்ஸில் முகமெல்லாம் புகை அப்பிக்கொண்டு வேலைக்கு வருவேன். யுத்தம் நடந்துகொண்டிருந்ததால்தான் ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. எனக்கு மேலே இருந்த கெமிஸ்ட் பட்டாளத்தோடு வடக்கே போய்விட்டார். தராசும் கையெழுத்தும் என்னிடம் வந்தன.

பட்டாளத்துக்காக உருளைக்கிழங்கைக் காயவைத்து டப்பாவில் அடைப்பது எங்கள் ஷெட்டின் வேலை. கிழங்கு நீலகிரியிலிருந்து கூட்ஸ் வண்டியில் வரும். முன்பக்கக் கொட்டகையில் பெண்கள் அதைக் கழுவி, தோல் சீவி, குச்சி குச்சியாக நறுக்குவார்கள். நாள் முழுவதும் அங்கே தண்ணீர்தான். அப்புறம் ஆவியில் ஒரு வேக்காடு. பிறகு தட்டுத் தட்டாக அடுக்கி, சூடான காற்று ஓடும் நீளமான டன்னலுக்குள் தள்ளுவார்கள். ஒரு வாயில் நனைந்து உள்ளே போகிற கிழங்கு இன்னொரு வாயில் சுள்ளியாக வெளியே வரும். ஆறிய பிறகு டப்பாவில் கொட்டி ஈயம் வைத்து அடைத்துவிடுவார்கள்.

அந்தச் சுள்ளியில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. இருந்தால் டப்பாவுக்குள்ளேயே கறுத்துப் புளித்துப்போகும். எங்கோ காட்டில் இருக்கும் சிப்பாய் திறந்து பார்த்து எங்களைச் சபிப்பான். அந்த ஆறைக் காவல் காப்பதுதான் என் உத்தியோகம்.

என் அறை இரண்டு டன்னல்களுக்கும் எதிரே, ஒரு பர்லாங்கு தள்ளி, ஏரியைப் பார்த்த ஜன்னலோடு இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கெமிக்கல் தராசு. ஒரு தலைமுடியை வைத்தாலும் முள் நகரும். ஐந்து கிராம் கிழங்குத் தூளைச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் நிறுத்து, ஓவனில் ஆறு மணி நேரம் வைப்பேன். வெளியே எடுத்தால் உடனே நிறுக்கக்கூடாது. சூடாக இருக்கும் பொருள் தராசை ஏமாற்றும். வெளியில் ஆறவிட்டாலோ காற்றிலிருந்து மறுபடி ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் டெசிக்கேட்டர் என்ற தடித்த கண்ணாடிச் சாடிக்குள் வைத்து ஆற வைப்பேன். அடியில் கால்சியம் குளோரைடு கட்டிகள் கிடக்கும். சாடிக்குள் இருக்கும் காற்றில் துளி ஈரத்தைக்கூட விட்டுவைக்காத பேராசை பிடித்த உப்பு அது. ஆறியதும் நிறுத்தால் எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவும் தண்ணீர்.

அரக்கோணம் ரயில் போகும்போது தராசின் முள் தானாக நடுங்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். ரயில் போய், சத்தம் போய், கடைசியில் நடுக்கமும் போய், முள் நடுவில் வந்து நிற்கும்போது உலகத்தில் நானும் அதுவும் மட்டும் இருப்பது போலத் தோன்றும். அந்த நிமிஷத்துக்காகத்தான் கரி பஸ்ஸின் புகையைச் சகித்துக்கொண்டேன்.

ஓவனில் வைத்த ஆறு மணி நேரம் என் கனவு நேரம். ஓவனின் தலையில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. நீலகிரியில் என்றோ பெய்த மழை, மண்ணில் இறங்கி, கிழங்குக்குள் புகுந்து, கூட்ஸ் வண்டியேறி ஆவடிக்கு வந்து, இந்தத் துவாரம் வழியாக ஓசைப்படாமல் கிளம்பிப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை ஏரியில் விழுந்துகொண்டிருக்கும். கழுவும் கொட்டகையின் ஆவியில் பெண்கள் பாதி தெரிவார்கள், பாதி மறைவார்கள். எதிலிருந்து எது வெளியேறுகிறது, எதற்குள் எது போகிறது என்று தெரியாமல் எல்லாம் கலந்து கிடக்கும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்.

கன்னியப்பன் இரண்டாம் டன்னலின் மேஸ்திரி. பருத்திப்பட்டுப் பக்கம் அவருக்கு இரண்டு காணி நஞ்சை இருந்தது. பட்டாளத்துக்குக் கிடங்கு கட்ட அதை எடுத்துக்கொண்டார்கள். நெல் காயவைத்த கை, சூடும் காற்றும் அந்தக் கைக்குச் சட்டென்று பிடிபட்டது. அவர் மனைவி நாகவல்லி கழுவும் கொட்டகையில் வேலை செய்தாள். பேச்சு குறைவு, வேலை அதிகம். மத்தியானம் இரண்டு பேரும் வேலி ஓரம் உட்கார்ந்து ஒரே தூக்கிலிருந்து சாப்பிடுவார்கள். ஷெட்டில் அதைக் கேலி செய்யாத ஆள் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் கரி நனைந்துபோய் டன்னல் சரியாகச் சூடேறவில்லை. அன்றைக்குக் கன்னியப்பன் காயவைத்த மொத்தமும், அதை லாட் என்போம், நூற்றுக்கு எட்டுக்கு மேல் காட்டியது. நான் 'தள்ளுபடி' என்று எழுதினேன். அது நியாயமான தள்ளுபடி. இன்றைக்கும் அதை மாற்றி எழுத மாட்டேன். ஆனால் அதற்கு அடுத்த லாட்டும் எட்டைத் தொட்டது. கரி நன்றாக எரிந்த நாள் அது.

மானேஜர் ஜெயராமன் கன்னியப்பனைக் கூப்பிட்டு, மூன்றாவது முறை நடந்தால் வேலை போகும் என்றார். வேலை போவதோடு முடிகிற காரியமல்ல. எங்கள் ஷெட்டிலிருந்து நிறுத்தப்படுகிறவர்களின் பெயரைக் கூலிக் கங்காணி ஒருவனிடம் கொடுத்துவிடுவதாக மானேஜர் ஒப்புக்கொண்டிருந்தார். அவன் ஆட்களைச் சேர்த்து அஸ்ஸாமில் ரோடு போட ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தான். மலைக்காய்ச்சலுக்குத் தப்பித் திரும்பி வந்தவர் ஒருவரையும் நாங்கள் அதுவரை பார்க்கவில்லை.

மூன்றாவது லாட்டைக் கன்னியப்பன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காயவைத்தார். ஒரு கைப்பிடி சுள்ளியோடு என் அறைக்கே வந்துவிட்டார். ஓரமெல்லாம் பழுப்பேறிக் கருகிப்போயிருந்தது. என் காதருகே ஒன்றை ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது.

"கேட்டியா மிஸ்ஸம்மா? இப்டி ஒடியிதே, இதுக்குள்ள எங்க கீது ஈரம்?"

"ஒடியறத நான் எழுத முடியாது கன்னியப்பன். தராசு சொல்றதத்தான் எழுதுவேன்."

"உன் தராசுக்கு இன்னா தெரியும்? என் கைக்குத் தெரியும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது, தராசைச் சொல்லிவிட்டாரே. "தராசு பொய் சொல்லாது" என்று கத்திவிட்டு, அன்று சாயங்காலம் ஆறிய கிண்ணத்தை நிறுத்தேன். ஐந்து கிராம் வைத்ததில் நாலு புள்ளி ஆறு பூஜ்யம் ஐந்து மிச்சம். நூற்றுக்கு ஏழு புள்ளி ஒன்பது. முதலாம் டன்னலில் வரதன் மேஸ்திரி காயவைத்த லாட், கருகாமல் வெளுப்பாக இருந்தது, ஐந்தரை காட்டியது. கருகிய கிழங்கில் ஈரம் அதிகமாகவும் கருகாததில் குறைவாகவும் இருக்குமா என்று எனக்கே உறுத்தியது. ஆனால் கோபத்தில் இருந்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் பெயர்ப் பட்டியல் கங்காணிக்குப் போகும் என்றார்கள். அன்று வியாழன்.

இரவெல்லாம் அந்தப் பட்டென்ற சத்தம் காதில் ஒடிந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. குடையை உதறிவிட்டு அறையின் பக்கவாட்டில் கூரைக்கடியில் நின்றேன். டன்னல் பக்கமிருந்து நாகவல்லி வந்தாள். அன்றைய லாட்டின் சாம்பிளோடு வருகிறாள். முதல் லாட் தள்ளுபடியானதிலிருந்து புருஷனுடைய சாம்பிளை அவளேதான் கொண்டுவருவாள். கண்டவர் கை படக்கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. வரதனுடையதை டப்பா அடைக்கும் குப்பம்மா கொண்டுவருவாள். மேஜைமேல் பாட்டில் வந்ததா, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அதற்கு மேல் நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

மழைப்புகைக்குள் அவள் வருவது அழகாக இருந்தது. தண்ணீருக்குள் நடப்பவள் போல மெல்ல வந்தாள். ஒரு கையில் கண்ணாடி பாட்டிலை விளக்கைப் பிடிப்பது போல முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். இன்னொரு கை இடுப்பை அணைத்திருந்தது. பாட்டிலின் வழியாக ஏரி தெரிந்தது. நானும் கனவில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரி தெரிகிறதே என்று ரசித்த பிறகுதான் பாட்டில் காலி என்பது என் மரமண்டைக்கு உறைத்தது.

வாசலில் அவள் திரும்பி நின்றாள். இடுப்பிலிருந்து மடியை அவிழ்த்து, அதிலிருந்த கிழங்குச் சுள்ளிகளைப் பாட்டிலில் கொட்டி, மூடியை இறுக்கினாள்.

"நாகவல்லி!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இன்னா மிஸ்ஸம்மா?"

"ஏன் மடியில கொண்டு வர? பாட்டில் எதுக்குக் குடுத்திருக்கு?"

"டன்னல் வாயிலேர்ந்து அப்டியே எடுக்கறேன் மிஸ்ஸம்மா. ஆற வெச்சா யாருனா கைய வெப்பாங்க. சூட்டோட போட்டா பாட்டிலு வெடிச்சிடும். அதான் மடில கட்டிகினு வர்றது. இங்க வர்றதுக்குள்ள ஆறிடும். ஒண்ணு கீழ வுழல, சத்தியமா. எண்ணிகினுதான் வர்றேன்."

நான் அவள் மடியைக் கையால் பிடித்துப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து தொட்டியில் நின்று கிழங்கு கழுவுகிறவள். சேலை பிழிந்தால் சொட்டும். அந்த ஈரத்துக்குள்தான் நெருப்பாகக் காய்ந்த கிழங்கு ஒரு பர்லாங்கு தூரம் பயணம் செய்து வந்திருக்கிறது. என் டெசிக்கேட்டரில் இருக்கும் உப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல அது. வழியெல்லாம் குடித்திருக்கிறது.

ரயிலுக்காகக் காத்திருந்து, மூச்சைப் பிடித்து, நாலாவது தசம தானம் வரை நான் நிறுத்ததெல்லாம் டன்னலின் ஈரம் அல்ல, இவள் சேலையின் ஈரம். தராசு பொய் சொல்லவில்லைதான். நான்தான் எதை நிறுக்கிறேன் என்று தெரியாமல் நிறுத்திருக்கிறேன். படித்த கழுதை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "காஞ்ச கிழங்கு தண்ணியக் குடிக்கும் நாகவல்லி. உன் சேலையிலேர்ந்து குடிச்சிருக்கு. அதான் எட்டு காட்டுது."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள்.

"அப்ப அந்தாள நானேவா அஸ்ஸாமுக்குத் தள்ளிகினு கீறேன்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழங்குபோலவே ஊறி வெளுத்திருந்தன விரல்கள். "அந்தாளுகிட்ட மட்டும் சொல்லாத மிஸ்ஸம்மா. உனுக்குப் புண்ணியமாப் போவும். எங்கனா போயி உயுந்து செத்துடறேன், அதுகிட்ட மட்டும் சொல்லாத."

"யாரும் சாக வேண்டாம். வேலையப் பாரு, போ" என்று அதட்டினேன். அழுகை வரும்போது அதட்டுவது என் சுபாவம்.

தள்ளுபடியான லாட்டுகள் கிடங்கில் அடைத்தபடியே இருந்தன. இரண்டாவது லாட்டில் இரண்டு டப்பா, மூன்றாவதில் இரண்டு டப்பா உடைத்து, நடுவிலிருந்து உலர்ந்த பாட்டிலில் நானே எடுத்து வந்தேன். எட்டு மணிக்குக் கிண்ணங்கள் ஓவனுக்குள் போயின. ஆறு மணி நேரம்.

அன்றைய ஆறு மணி நேரத்தைப் போல ஒன்றை நான் அப்புறம் கண்டதில்லை. மழை நின்று நின்று பெய்தது. ஓவனின் துவாரத்தில் கையை வைத்தேன்; தெரிந்தும் தெரியாமலும் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு. கொட்டகையின் ஆவிக்குள் நாகவல்லி குனிந்து கழுவுவது தெரிந்தது, மறைந்தது. கன்னியப்பன் தன் டன்னல் வாயில் நின்றிருந்தார். நாளைக்குப் போகப்போகிறவர் தட்டுகளை இன்றைக்கும் கோணல் இல்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். கர்த்தாவே, ஐந்தைக் காட்டு, ஆறுக்குள் காட்டு என்று ஜெபம் பண்ணினேன். ஒரு எண்ணுக்காக ஜெபம் பண்ணியது அதுதான் முதல் தடவை. கண் சொக்கியபோது, ஏரி முழுவதையும் ஒரு கிண்ணத்தில் வைத்து யாரோ நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து. ஐந்து புள்ளி இரண்டு. நாலு புள்ளி ஒன்பது.

காகிதத்தோடு மானேஜர் அறைக்கு ஓடினேன். ஜெயராமன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"ரெண்டு ரிப்போர்ட் தப்புன்னா, இது மட்டும் சரின்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"எந்த டப்பாவ வேணும்னாலும் நீங்களே உடைச்சுக் குடுங்க சார். பக்கத்துல உக்காந்து பாருங்க."

"சாம்பிள்ல எப்படி ஈரம் ஏறிச்சு? யார் தப்பு?"

புள்ளிக்கு அப்புறம் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுத மனம் வராதவள் நான். நாக்கு கூசாமல் சொன்னேன். "என் தப்பு சார். சூடா வந்த சாம்பிள ஈரத் துணியில நான்தான் கட்டி வெச்சேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பட்டியலை இழுத்து ஒரு பெயரை அடித்தார். அப்புறம் நல்ல அர்ச்சனை நடந்தது. சென்னையிலிருந்து வேறு கெமிஸ்ட் வரும்வரை தராசில் கை வைக்கக்கூடாது, டப்பாவுக்கு லேபிள் எழுது என்றார். லேபிள்தானே, எழுதினால் போயிற்று என்று வீராப்பாக வெளியே வந்தேன். அறைக்கு வந்து தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

சேதி எனக்கு முன்னால் ஷெட்டைச் சுற்றிவிட்டது. கன்னியப்பன் வேகமாக வந்தார். பின்னாலேயே நாகவல்லி.

"ஈரத் துணில கட்டி வெச்சியாமே! படிச்சவதான நீ? நாலு நாளா ராவெல்லாம் கண்ணு மூடல. இவ சோறு துன்னல. கெயங்கக் கருக்கிகினு கெடந்தேன். உன் வெளையாட்டுக்கு நான் அஸ்ஸாம்ல போயி சாவணுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்நாளில் பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்ட திட்டு அது ஒன்றுதான். ஒன்றும் தவறாகவும் அவர் சொல்லவில்லை. பாட்டில் எப்படி வருகிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

"தராசு பொய் சொல்லாதுன்னு கத்தனியே..."

"மிஸ்ஸம்மாவ ஏசாத." நாகவல்லி இடையில் வந்து நின்றாள். "அது ஒண்ணும் பண்ணல. நான்தான். டன்னலு வாயிலேர்ந்து அள்ளி மடில கட்டிகினு வந்தேன். என் சேல ஈரம்தான் அதுல ஏறிகிச்சி. உங்கிட்ட சொல்லாதன்னு நான்தான் அது கால்ல வுயாத கொறையா கேட்டுகினேன்."

கன்னியப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை ஓங்குமோ என்று பயந்து நான் ஓர் அடி முன்னால் வந்தேன்.

"டன்னலு வாயிலேர்ந்தா?" என்றார்.

"ஆமா."

"எத்தினி நாளா?"

"மொத லாட்டு போனதுலேர்ந்து. தெனைக்கும்."

டன்னலிலிருந்து வரும் தட்டைக் கோணியை நாலு மடிப்பாகச் சுற்றிக்கொண்டுதான் அவரே தொடுவார். அவர் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் இடுப்புப் பக்கம், சேலைக்கு மேலேயே, ஒரு விரலை மெதுவாக வைத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"சுட்டுச்சாடீ?" என்று கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அப்படியே என் அறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. காலையில் அதே மடியைப் பிடித்துப் பார்த்தவள் நான். ஈரமாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.